புத்தகம் யார் கையில் இருக்கிறது?

எங்கள் தெருவில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பி ஒருவர் சமீபத்தில் என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார்: "அண்ணா, மாசம் நூத்திச் சொச்சம் ரூபா கட்டுனா போன்லயே ஆயிரக்கணக்குல புஸ்தகம் கெடைக்குது. நீங்க எதுக்கு இன்னும் ஒவ்வொண்ணா காசு குடுத்து வாங்கிட்டிருக்கீங்க? வெக்கறதுக்கு எடமும் பத்தல."

நியாயமான கேள்வி. நின்ற இடத்தில் இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும்.

முதலில் சந்தாவின் பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது கொண்டப்பநாயக்கன்பட்டி. சேலம் டவுனுக்கும் ஏற்காட்டு மலைக்கும் நடுவே இருக்கிற ஊர். இங்கே ஒரு புதிய தமிழ் நாவல் வேண்டுமென்றால் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். போனாலும் போட்டித் தேர்வுப் புத்தகமும் சமையல் புத்தகமும்தான் முன்வரிசையில் இருக்கும். இலக்கியப் பதிப்பகங்களின் நூல் வேண்டுமென்றால் புத்தகத் திருவிழா வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் பணம் அனுப்பிக் கூரியருக்குக் காத்திருக்க வேண்டும். மின்னூல் இந்தத் தூரத்தை ஒரே நொடியில் அழித்துவிட்டது. 2016 டிசம்பரில் அமேசான் தன் கிண்டில் கடையில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளைச் சேர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டே கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டம் இந்தியாவுக்கு வந்திருந்தது. இரண்டும் சேர்ந்தபோது, மலையடிவாரத்தில் இருக்கிற ஒருவருக்கும் மயிலாப்பூரில் இருக்கிற ஒருவருக்கும் ஒரே கடை, ஒரே நேரத்தில் திறந்தது. கண் மங்கிய பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார்கள். பதிப்பகம் கிடைக்காத புதியவர்கள் தாங்களே நூல் வெளியிடுகிறார்கள். இதையெல்லாம் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை.

வாடகைக்குப் படிப்பதும் நமக்குப் புதிதில்லை. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் வாடகை நூல் நிலையம் இருந்தது. மாத நாவலும் தொடர்கதைத் தொகுப்பும் கை மாறி மாறிப் போகும். அட்டை கிழிந்து, முதல் பக்கம் போய், கடைசிப் பக்கமும் இல்லாமல் வந்தாலும் வாங்கிப் படித்தோம். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது வாங்கும்போதே தெரியும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆக, சந்தா கட்டிப் படிப்பது தவறு என்று நான் சொல்லவரவில்லை. வாடகையை வாடகை என்று சொல்லி வாங்கினால் யாருக்கும் தகராறு இல்லை. கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி காட்டிவிட்டு, பிறகு ஒருநாள் வீட்டைக் காலி செய் என்றால்தான் தகராறு. மின்னூல் கடைகளில் இப்போது நடப்பது இந்த இரண்டாவது வகை.

முழு விலை கொடுத்தவரின் நிலை

சந்தாவில் எடுத்த நூல் சந்தா முடிந்ததும் போய்விடும். அது ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் முழு விலை கொடுத்து, வாங்கு என்ற பொத்தானை அழுத்தி எடுத்த மின்னூல்? அதுவும் உங்களுடையது இல்லை. கிண்டில் கடையின் நிபந்தனைகளைத் திறந்து பாருங்கள். நூல் உங்களுக்கு விற்கப்படவில்லை, படிப்பதற்கான உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்று எழுதியிருக்கும்.

இது காகிதத்தில் மட்டும் இருக்கிற நிபந்தனை என்று நினைக்காதீர்கள். 2009 ஜூலையில் அமெரிக்காவில் கிண்டில் வைத்திருந்த பலர் ஒரு காலையில் பார்த்தபோது ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலும் 'விலங்குப் பண்ணை'யும் அவர்கள் கருவியிலிருந்து காணாமல் போயிருந்தன. காசு கொடுத்து வாங்கிய பிரதிகள். விற்றவருக்கு அந்த நூல்களின் உரிமை இல்லை என்று தெரியவந்ததும், அமேசான் தொலைவிலிருந்தபடியே வாசகர்களின் கருவிக்குள் நுழைந்து அழித்துவிட்டது. பணம் திரும்ப வந்தது. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால் ஒரு மாணவர் பள்ளிப் பாடத்துக்காகப் படித்து எழுதி வைத்திருந்த குறிப்புகள் நூலோடு சேர்ந்து பயனற்றுப் போயின. அவர் வழக்குப் போட்டார், சமரசத்தில் முடிந்தது.

2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையையே மூடியது. ஏப்ரலில் அறிவிப்பு. வாங்கியவர்கள் எல்லோருடைய புத்தகமும் ஜூலையில் திறக்காமல் போனது. முழுப் பணத்தையும் திருப்பினார்கள். நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கணக்கில் வரவு வைத்தார்கள். ஒரு வாசகர் பக்க ஓரத்தில் எழுதியதற்கு 25 டாலர் என்று விலை வைத்த நாள் அது.

சீனாவில் கிண்டில் கடை 2023 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. வாங்கிய நூல்களை இறக்கி வைத்துக்கொள்ள இன்னும் ஓராண்டு தந்தார்கள். அதற்குள் இறக்காதவர் கதி அவ்வளவுதான். கடைசியாக, 2025 பிப்ரவரி 26 அன்று, கிண்டிலில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது. வாங்கிய நூலின் ஒரு கோப்பை நம் கணினியில் எடுத்து வைத்துக்கொள்ள இருந்த நேர்வழி அது. அதைச் சார்ந்திருந்தவர்கள் உலகம் முழுக்கக் கடைசி வாரத்தில் அவசர அவசரமாகத் தங்கள் நூல்களை இறக்கிக்கொண்டார்கள்.

கலிஃபோர்னியா மாநிலம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டிருக்கிறது. 2025 ஜனவரி முதல் அது அமலில் உள்ளது. திரும்பப் பெறக்கூடிய உரிமத்தை மட்டும் தருகிற கடை, அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் விற்பனை போலக் காட்டக் கூடாது என்கிறது. தொழில்நுட்ப நிறுவனங்களின் தாய்வீடான மாநிலமே இப்படி ஒரு சட்டம் தேவை என்று முடிவு செய்தது என்றால், பிரச்சினை வாசகரின் கற்பனை இல்லை.

எனக்கும் ஒன்று நடந்தது. ஒரு வாசிப்புச் செயலியில் விரும்பி விரும்பி அடிக்கோடிட்டு வைத்திருந்த ஒரு கட்டுரைத் தொகுப்பு திடீரென்று நூலகப் பட்டியலில் இல்லை. எழுதிக் கேட்டேன். பதிப்பாளருடன் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று ஒரு வரிப் பதில். நூலாவது வேறு எங்காவது கிடைக்கும். அடிக்கோடு இட்ட இடங்கள் எங்கே கிடைக்கும்? இன்றுவரை அந்த வருத்தம் எனக்கு உண்டு.

பக்கத்து மாவட்டத்தில் நடந்தது

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு நாமக்கல்லை நினைவுபடுத்துகிறேன். சேலத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' காலச்சுவடு வெளியீடாக 2010-இல் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. பிரதிகள் எரிக்கப்பட்டன. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தையில், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாக அவர் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அறிவித்து, தன் நூல்கள் எதையும் விற்க வேண்டாம் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டார். ஒரு மனிதரை அந்த நிலைக்குத் தள்ளினார்கள். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர் மறுபடி எழுத வந்தார்.

இந்த ஒன்றரை ஆண்டு இடைவெளியைத்தான் நான் யோசிக்கிறேன். கடையில் இருந்த பிரதியை நிறுத்த முடிந்தது. கிடங்கில் இருந்ததை நிறுத்த முடிந்தது. ஆனால் ஏற்கெனவே விற்றுப்போன பிரதிகள் ஆயிரம் வீடுகளில் இருந்தன. யாரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி வாங்கிவிட முடியாது. எழுதியவரே வேண்டாம் என்று சொன்னபோதும், வாங்கியவரின் அலமாரியில் அந்த நாவல் இருந்தது. படிக்காமல் கருத்துச் சொன்னவர்களுக்கு நடுவே, எடுத்துப் படித்துவிட்டுப் பேச ஆட்கள் இருந்தார்கள்.

இதே நூல் ஒரே ஒரு செயலிக்குள் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பேச்சுவார்த்தை முடிந்த அன்று மாலையே ஒரு பொத்தான். அவ்வளவுதான், எல்லோர் போனிலிருந்தும் ஒரே நேரத்தில் போயிருக்கும். ஊர்க்கூட்டம் மிரட்ட வேண்டியது எழுத்தாளரைக்கூட இல்லை. எங்கோ இருக்கிற ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு ஒரு நோட்டீஸ் போதும். வியாபாரம் செய்ய வந்தவர்கள் ஒரு தமிழ் நாவலுக்காக வழக்கு நடத்திக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

2009-இல் கிண்டிலில் அழிந்தது தணிக்கையால் இல்லை, உரிமைச் சிக்கலால். ஆனாலும் அழிக்கிற கை நீளமாக இருக்கிறது என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வாசகர்களின் அவநம்பிக்கை அங்கிருந்து வந்தது.

சேலத்துக்காரர் கொடுத்த பிரதி

இன்னும் பின்னால் போகிறேன். 1880. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். தான் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் சொல்கிறார். முதலியார் சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. பிறகு தம்மிடம் இருந்த சீவக சிந்தாமணிப் பிரதியையே அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். இந்தக் கதையை ஐயரே 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1887-இல், சிந்தாமணி அச்சில் வந்தது. அதன் பிறகுதான் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று அவர் பதிப்புகள் வரிசையாக வந்தன.

நம் ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு வைத்திருந்த ஒருவர் ஒரு பிரதியைச் சொந்தமாக வைத்திருந்தார். அதை இன்னொருவரிடம் கொடுக்க அவருக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. தமிழின் பழைய இலக்கியம் நம் கைக்கு வந்த கதையில் இந்த இரண்டு உண்மைகளும் அடித்தளம். ஐயர் அதோடு நிற்கவில்லை. மடங்களிலும் கவிராயர் வீடுகளிலும் தேடித் தேடிச் சுவடி சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடம் தீர்மானித்தார். ஒரு வீட்டில் செல்லரித்தது இன்னொரு வீட்டில் முழுதாக இருந்தது. பிரதிகள் பல கைகளில் சிதறி இருந்ததால்தான் ஒப்பிடவே முடிந்தது.

ஒரே இடத்தில் குவித்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சாட்சி இருக்கிறது. 1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. அந்தக் காயத்தைச் சுமந்த சமூகம்தான் பின்னாளில், 2005-இல், நூலகம் என்ற இணைய நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் யாரும் இறக்கி வைத்துக்கொள்ளும்படி வைத்தது.

தொடர்கதையைத் தைத்து வைத்தவர்கள்

சந்தா என்றாலே எதுவும் மிஞ்சாது என்பது இந்தக் காலத்துப் பழக்கம். முன்பு அப்படி இல்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் வந்தது. வாராவாரம் இதழ் வாங்கியவர்கள் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, பைண்டிங் செய்து வைத்துக்கொண்டார்கள். மணியத்தின் ஓவியங்களோடு அந்தத் தொகுப்புகள் இன்றும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அச்சில் வந்துகொண்டிருந்த 'கல்கி' இதழ் 2020-இல் அச்சை நிறுத்திக்கொண்டது. பாட்டி தைத்து வைத்த தொகுப்பு மட்டும் பேத்தி வீட்டில் இருக்கிறது. சந்தா கட்டியவருக்கும் கடைசியில் ஒரு நூல் மிஞ்சியது.

தனி வாசகர்கள் இப்படிச் சேர்த்து வைத்ததுதான் பிற்பாடு நாட்டின் சொத்தாகவும் ஆகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களும் இதழ்களும் நோட்டீஸ்களும் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆயின. இன்று தமிழ் ஆய்வு செய்கிற பலரும் அங்கே போகிறார்கள். அவர் வாழ்நாளெல்லாம் சந்தா மட்டும் கட்டிப் படித்திருந்தால் அப்படி ஒரு நூலகம் உண்டா?

பூட்டு இல்லாத கோப்பு ஏன் முக்கியம்

பூட்டு இல்லாத கோப்பின் அருமையை நம் கணினித் தமிழ்க்காரர்கள் எல்லோரையும்விட நன்றாக உணர்ந்தவர்கள். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழை ஆளுக்கொரு எழுத்துருவிலும் குறியாக்கத்திலும் தட்டினோம். பாமினி, மயிலை, டாப், டாம், திஸ்கி. ஒன்றில் தட்டியதை இன்னொன்றில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். டிடிபி மையங்களில் பேஜ்மேக்கரில் கோத்த எத்தனையோ நூல்களின் கோப்புகள் இன்று திறக்க ஆளில்லாமல் கிடக்கின்றன.

ஆனால் மதுரைத் திட்டத்தின் நூல்கள் அப்படிக் கெடவில்லை. 1998 பொங்கல் அன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில், உலகெங்கும் இருந்த தன்னார்வலர்களோடு அந்தத் திட்டம் தொடங்கியது. முதலில் ஒரு குறியாக்கம், பிறகு திஸ்கி, பிறகு யூனிகோடு என்று காலம் மாற மாற நூல்களையும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். எப்படி முடிந்தது? கோப்பில் பூட்டு இல்லை, அதாவது படியெடுப்பதையும் மாற்றுவதையும் தடுக்கும் டிஜிட்டல் கட்டுப்பாடு இல்லை. யாரிடமும் போய்ச் சாவி கேட்க வேண்டியதில்லை. ஓலை நைந்தால் புது ஓலையில் எழுதிக்கொண்டதைப் போல் குறியாக்கம் பழசானால் புதியதில் எழுதிக்கொண்டார்கள்.

இன்று கடைகள் தருகிற பூட்டுப்போட்ட கோப்பில் இது நடக்காது. அந்த நிறுவனம் இருக்கும்வரை, அந்தக் கணக்கு இருக்கும்வரை, அந்தக் கருவியை அவர்கள் ஆதரிக்கும்வரைதான் நூல் திறக்கும். முப்பது ஆண்டுக்குள் நாம் இத்தனை குறியாக்கங்களை மாற்றியிருக்கிறோம். அடுத்த முப்பது ஆண்டுக்கும் இதே செயலி இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

2013 முதல் த. சீனிவாசனும் அவர் நண்பர்களும் நடத்துகிற ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் இதற்கு நல்ல முன்மாதிரி. எழுத்தாளர்களிடம் அனுமதி வாங்கி, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், ஈபப், பிடிஎஃப் என்று எந்தக் கருவியிலும் திறக்கிற வடிவங்களில் நூல்களை இலவசமாக வெளியிடுகிறார்கள். இறக்கினால் அது உங்களுடையது. நண்பருக்கு அனுப்பலாம், பென்டிரைவில் போட்டு அம்மாவிடம் கொடுக்கலாம்.

எழுத்தாளரின் கவலை

இங்கே எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் கோபப்படுவார்கள் என்று தெரியும். "பூட்டு இல்லாமல் கொடுத்தால் மறுநாளே டெலிகிராமில் பிடிஎஃப் ஓடும்." உண்மைதான். ஓடுகிறது. ஒரு தமிழ் நூல் முதல் பதிப்பு விற்றுத் தீர்வதற்கே ஆண்டுகள் ஆகும்போது அந்தத் திருட்டு வயிற்றில் அடிப்பதுதான். திருட்டுப் பிடிஎஃப்பைப் பகிர்கிறவர்களை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். எழுத்தாளருக்குச் சேர வேண்டிய காசு சேர வேண்டும்.

ஆனால் பூட்டு அந்தத் திருட்டைத் தடுத்ததா? டெலிகிராமில் ஓடும் தமிழ் நூல்களில் எத்தனையோ அச்சு நூலை ஸ்கேன் செய்தவைதான். திருடுகிறவருக்குப் பூட்டு ஒரு தடையே இல்லை. காசு கொடுத்து வாங்கியவர்தான் பூட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார். ஆங்கிலத்தில் அறிபுனை நூல்கள் வெளியிடுகிற டோர் பதிப்பகம் 2012-இல் தன் மின்னூல்களின் பூட்டை மொத்தமாக எடுத்துவிட்டது. ஓராண்டு கழித்து, திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அவர்களே அறிவித்தார்கள். அதே 2012-இல் ஹாரி பாட்டர் மின்னூல்களை அதன் சொந்தக் கடையில் பூட்டுக்குப் பதில் வாங்கியவரின் அடையாளக் குறியைக் கோப்புக்குள் பதித்து விற்றார்கள். நம் பதிப்பகங்களும் செய்யக்கூடிய காரியம்தான் அது.

இன்னொரு விஷயத்தையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் மின்னூல்கள் ஏன் இவ்வளவு அதிகமாக ஒரே கடையில் போய்க் குவிந்தன? இந்தியாவில் விற்கும் மின்னூலுக்கு 70 விழுக்காடு உரிமைத்தொகை வேண்டுமானால், எழுத்தாளர் தன் நூலை அமேசானின் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அந்த மின்னூலை வேறு எங்கும் விற்கக் கூடாது, தன் தளத்தில்கூட இலவசமாகத் தரக் கூடாது. சேராவிட்டால் 35 விழுக்காடுதான். சந்தாக்காரர்கள் படித்த பக்கங்களுக்கான பணமும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கே. பாதி வருமானம் போகும் என்றால் யார்தான் வெளியே நிற்பார்கள்? அதனால் எழுத்தாளரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒப்பந்தம் 90 நாளுக்கு ஒருமுறை முடிந்து புதுப்பிக்கப்படுகிறது. முதல் சில மாத விற்பனை ஓய்ந்த நூலை அங்கிருந்து விடுவித்து மற்ற இடங்களிலும் தரலாம். எழுதுகிற நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அச்சு நூலை யாருக்கும் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம். ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதியின் மேல் உரிமையாளருக்குப் பிடி இல்லை. உரிமமாகத் தரப்படும் மின்னூலில் இந்தச் சுதந்திரம் நிபந்தனை வழியாகவே பறிபோகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு டிஜிட்டல் பூட்டை உடைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம் என்று நிதானமாகவே வகுத்திருக்கிறது. பார்வையற்றவர்கள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு நூலை மாற்றவும் அதே திருத்தம் வழிவிட்டது. நம் சட்டம் வாசகரை மறந்துவிடவில்லை. கடைகளின் நிபந்தனைகள்தான் மறக்கின்றன.

நூலுக்கு உரியவர் யார் என்ற கேள்வியில் தமிழ்நாடு எப்போதும் தாராளமாகவே இருந்திருக்கிறது. பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949-இலேயே அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கியது, பிறகு அவை பொதுவாயின. கல்கியின் படைப்புகள் 1999-இல் நாட்டுடைமை ஆயின. அதனால்தான் 'பொன்னியின் செல்வ'னை எந்தப் பதிப்பகமும் அச்சடிக்கிறது, சின்ன ஊர்ப் பேருந்து நிலையக் கடையிலும் கிடைக்கிறது. குடும்பத்துக்கு அரசு பணம் கொடுத்தது, நூல் மக்களிடம் வந்தது.

சரி, என்ன செய்யலாம்?

நான் பின்பற்றுவதைச் சொல்கிறேன். ஒருமுறை படித்துவிட்டு விடக்கூடிய நூல்களுக்குச் சந்தா போதும். பொழுதுபோக்கு நாவல், தகவலுக்காகப் புரட்டும் நூல், பிடிக்குமா என்று தெரியாத புது எழுத்தாளர் எல்லாம் அங்கே படிக்கலாம். பிடித்துப்போய் மறுபடி மறுபடி திரும்பும் நூலை அச்சிலோ பூட்டில்லாத கோப்பாகவோ வாங்கிவிடுங்கள். கூகுள் ப்ளே புக்ஸ் போன்ற கடைகளில் பதிப்பாளர் அனுமதித்த நூல்களைக் கோப்பாக இறக்கும் வசதி உண்டு. வாங்கும் முன் அதைப் பாருங்கள். செயலியில் எழுதிய குறிப்புகளை அவ்வப்போது வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உழைப்பு.

அடுத்த புத்தகத் திருவிழாவில் பதிப்பக அரங்குக்குப் போகும்போது, "உங்க மின்னூலை ஈபப்பா நேரடியா விக்கறீங்களா?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார்கள். நேரடியாக விற்றால் நடுவில் இருப்பவருக்குப் போகும் பங்கும் எழுத்தாளருக்கே வரும்.

பொது நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது 1948-இல் நம் மாகாணம்தான். வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பணத்தில் மின்னூல் வாங்கப்படும்போது, ஆண்டுச் சந்தாவாக இல்லாமல், நூலகத்துக்கே சொந்தமான, பூட்டில்லாத பிரதியாக வாங்க வேண்டும் என்று கேட்க வரி கட்டும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. சந்தாவுக்குக் கொடுக்கும் பணம் அடுத்த ஆண்டு நிதி குறைந்தால் ஒன்றுமில்லாமல் போகும். வாங்கிய நூல் நிற்கும்.

அந்தத் தம்பிக்கும் என் பதில் இதுதான். சந்தா கட்டுங்கள், தாராளமாகப் படியுங்கள். ஆனால் உங்களை மாற்றிய நூல் எதுவோ, அதன் ஒரு பிரதி இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்கக்கூடிய நிலையில் உங்கள் கையில் இருக்கட்டும். தமிழ் நூல்கள் இதுவரை பிழைத்து வந்தது அப்படித்தான்.

உங்களிடம் வாங்கிய மின்னூல் காணாமல் போன அனுபவம் இருந்தால் எழுதுங்கள். பூட்டில்லாமல் விற்கிற தமிழ்ப் பதிப்பகங்கள் எவை என்று தெரிந்தாலும் சொல்லுங்கள். ஒரு பட்டியலாகத் தொகுத்து இங்கேயே வெளியிடுகிறேன்.